ஆறுமுகசாமியின் வயது

ஆறுமுகசாமிக்குப் புத்தி தப்பிக்கொண்டு வருகிறது என்று திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு முழுக்கப் பேசிக்கொண்டது. நம்பாதவள் அவர் பெண்டாட்டி ஆவுடைத்தாய் ஒருத்திதான். முப்பத்தாறு வருஷமாக அவருக்குச் சோறு போடுகிறவள். அந்த மனிதர் எதை மறப்பார், எதை மறக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். தனக்கு ஆகாததை மட்டும் பொறுக்கியெடுத்து மறக்கிற மறதிக்கு வியாதி என்று பேர் வைக்க அவள் தயாராக இல்லை.

அவர்களுடையது புளி மண்டி. கீழே கடை, மாடியில் வீடு. மாசி பங்குனியில் செங்கோட்டையிலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் லாரிகள் வந்து நிற்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை தட்டி, நார் உரித்துப் போடுவார்கள். அதை உப்புப் போட்டு மிதித்து ஓலைப்பாயில் கட்டி அடுக்கினால் வருஷம் முழுக்கத் திருவனந்தபுரத்துச் சாம்பார் அதில்தான் கொதிக்கும். ஆனால் வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் புளி வியர்க்க ஆரம்பிக்கும். கருத்து இளகி, பாயைத் தாண்டி ஒழுகும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த மாசங்களில் ஆறுமுகசாமியின் வேட்டியிலிருந்து புளிவாடை போகாது.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து மழையில்தான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. ஆற்றிங்கலுக்குப் போகவேண்டிய லோடை நெய்யாற்றின்கரைக்கு அனுப்பிவிட்டு, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று மூட்டை சுமக்கும் சுமட்டுக்காரன் வேலப்பனைப் போட்டு வைதார். வேலப்பன் மாடிப்படியடியில் வந்து நின்று, "அக்கா, மொதலாளிக்கு எந்தோ பற்றியிட்டுண்டு" என்று, முதலாளிக்கு என்னமோ ஆகியிருப்பதாகத் தன் மலையாளத்தில் சொல்லிவிட்டு, தோர்த்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். இன்னொரு நாள், சாளைமீன் குழம்பும் கிழங்கும் திருப்தியாகத் தின்று ஏப்பம் விட்டுக் கீழே போன மனிதர், அரைமணி நேரத்தில் திரும்பி வந்து இலை போடச் சொன்னார். அதே சாயங்காலம் தரகர் கொண்டுவந்த புளியில் ஒரு சுளையை நாக்கில் வைத்துப் பார்த்து, இது போன வருஷத்துச் சரக்கு, புதுசோடு கலந்திருக்கிறான் என்று காறித் துப்பினார். அதில் ஒரு பிசகும் இல்லை.

மகன் லிங்கராஜ் பயந்துபோனான். முப்பத்துமூன்று வயசு, நல்ல பிள்ளை. அப்பாவின் முகத்தைப் பார்த்தே வளர்ந்தவன். டாக்டரிடம் காட்டவேண்டும் என்று அவன் மெதுவாக ஆரம்பித்தபோது, தாய் தடுப்பாள் என்று எதிர்பார்த்தான். அவளோ அவனைவிட அவசரப்பட்டாள். நல்ல டாக்டராகப் பார், தலைக்குள்ளே படம் எடுக்கிறார்களாமே, அதையும் எடு என்றாள். தாய்க்கு அப்பாமேல் இத்தனை கரிசனமா என்று அவன் உருகிப்போனான். கரிசனமாவது மண்ணாவது. படம் எடுத்தால் கள்ளம் வெளியாகிவிடும் என்பதுதான் அவள் நினைப்பு.

அவள் கோபத்துக்கு இரண்டு வயசாகியிருந்தது. அதன் வேர் அதற்கும் முந்தியது.

இரண்டாயிரத்து நாலில் அவருக்கு அறுபது திகைந்தது. லிங்கராஜ் மண்டபம் பிடித்து, அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடத்தினான். சாலைத் தெருவே வந்து உண்டது. ஐம்பத்தோரு வயசில், தலையில் பூவைத்துக்கொண்டு மணையில் உட்கார ஆவுடைத்தாய்க்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவர் வாழ்க்கையில் அவளிடம் பரிவாக நாலு வார்த்தை பேசியவர் இல்லை. ஆனாலும் அன்றைக்கு ஊரறியத் தாலி கட்டும்போது, போகட்டும், இத்தனை வருஷம் பட்டதெல்லாம் இதோடு சரியாகட்டும் என்று அவள் மனசாரத்தான் நினைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கேரளம் முழுக்கச் சிக்குன்குனியா வந்தது. மண்டியில் பாதிப்பேர் முட்டி வீங்கிக் கிடந்தார்கள். ஆறுமுகசாமியும் விழுந்தார். காய்ச்சல் உச்சத்தில் ஆவுடைத்தாய் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பொன்செல்வி, திருக்கடையூர்ல கட்டின தாலிய ஏன்டி கழத்தினே?" என்றார். குரலில் அப்படி ஒரு வாஞ்சை. அந்தக் குரல் அவருக்கு உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

திருக்கடையூர் எதற்குப் போகிற கோயில் என்று யாருக்குத்தான் தெரியாது. அறுபது திகைந்தவர்கள் பெண்டாட்டியோடு போய் மறுபடி மாலை மாற்றிக்கொள்கிற இடம். ஆவுடைத்தாய் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆடியில் சங்கரன்கோவில் தபசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி, வழியில் செங்கோட்டையில் இறங்கினாள். ஆறுமுகசாமி புளி பார்க்கப் போவதாகச் சொல்லி வியாழன்தோறும் போகிற ஊர் அது. இரண்டு இடத்தில் விசாரித்ததுமே வீட்டைக் காட்டிவிட்டார்கள். பொன்செல்வி மாவுமில் வைத்திருந்தாள். தலையெல்லாம் மாவு. வந்தவள் யார் என்று தெரிந்ததும் மில்லை நிறுத்திவிட்டு, உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தாள். சண்டைக்கு இழுக்கக்கூட அவள் இடம் வைக்கவில்லை. அதுவே ஆவுடைத்தாய்க்கு ஆத்திரமாக இருந்தது.

தனக்குப் பிள்ளை இல்லை, ஒரு தாலியாவது முறையாக வேண்டும் என்று கேட்டதாகவும், அவர் பிறந்த தாது வருஷம் அறுபது வருஷம் சுற்றித் திரும்பி வந்தபோது திருக்கடையூருக்குக் கூட்டிப்போனதாகவும் பொன்செல்வி சொன்னாள். தாது வருஷம் என்றால் தொண்ணூற்றாறு. சாலைத் தெருவில் நடந்த அறுபதாம் கல்யாணத்துக்கு எட்டு வருஷம் முந்தி.

பஸ்ஸில் திரும்பும்போது ஆரியங்காவு மலைப்பாதை முழுக்க அவள் அதையே கணக்குப் போட்டாள். பெண் பார்க்க வந்தபோது அவருக்கு முப்பத்தாறு. முப்பதுக்கு மேலானவனுக்கு அவள் அப்பா பெண் கொடுக்கமாட்டார் என்பதால் எட்டு வருஷத்தைக் குறைத்து இருபத்தெட்டு என்று புது ஜாதகம் எழுதி வந்திருக்கிறார்கள். அப்புறம் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் அந்த ஜாதகத்தின்படியே ஏறிவிட்டன. அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்தக் காலத்தில் வயசைக் குறைக்காத மாப்பிள்ளை உண்டா? ஆனால் கட்டின பெண்டாட்டிக்குச் சொல்லாத வயசைப் பொன்செல்விக்குச் சொல்லியிருக்கிறார். உண்மையான அறுபதை அங்கே கொண்டாடிவிட்டு, பொய் அறுபதைத் தனக்குப் போட்டிருக்கிறார். சாலைத் தெருவே பார்க்க, பூவைத்துக்கொண்டு வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்த தன்னை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மணையில் பக்கத்தில் இருந்தபடி அவர் உள்ளுக்குள் சிரித்திருப்பாரா? அதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்த அன்றே கேட்டாள். அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். பிறகு, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லட்டி" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்துதான் அவருக்கு மறதி. எப்போது கேட்டாலும் பொன்செல்வி யார், திருக்கடையூர் எங்கே என்று வாயைப் பிளப்பார். ஆனால் வியாழக்கிழமையை ஒருநாளும் மறந்ததில்லை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ் புறப்படுகிற நேரத்தையும் மறந்ததில்லை. மகனிடம் சொல்ல ஆவுடைத்தாய்க்கு நாக்கு எழவில்லை. சொன்னால் தன் மானமும்தானே போகும். அவர் வாயாலேயே ஒருதரம் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுவும் நினைப்பு நல்லபடியாக இருக்கும்போதே ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். உண்மையிலேயே மறந்துபோன மனிதனைப் பழிவாங்கி என்ன பிரயோஜனம்?

டாக்டர் ஜெயலக்ஷ்மி கரமனை அக்ரஹாரத்துப் பெண். ஐம்பது வயசிருக்கும். மறதி நோய்க்கென்றே படித்தவள். முதல்நாள் அவள் ஆறுமுகசாமியிடம் ஒருமணி நேரம் பேசினாள். என்ன வருஷம் என்று கேட்டதற்கு அவர் ஆயிரத்து நூற்றி எண்பத்து மூன்று என்றார். பக்கத்திலிருந்த பயிற்சி டாக்டர், வடக்கேயிருந்து வந்த பிள்ளை, முகம் சுருங்கித் தப்பு என்று குறிக்கப்போனான். ஜெயலக்ஷ்மி சிரித்துவிட்டு, அது மலையாளத்துக் கொல்லம் வருஷம், சரிதான் என்று திருத்தினாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னபோது மண்டிக்காரர் மளமளவென்று சொன்னார். மூன்று சாமான் பேரைச் சொல்லி ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது மட்டும் ஒன்றுதான் வந்தது. அதிலும் ஆவுடைத்தாய்க்குச் சந்தேகம்தான். அவர் அவளைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இரண்டையும் மறந்தார்.

பிறகு படம் எடுத்தார்கள். பெரிய குழாய்க்குள் படுக்கவைத்து, தடதடவென்று சத்தம் போட்டு எடுக்கிற படம். அதன் முடிவைக் கேட்க மூன்று பேரும் மறுவாரம் போனார்கள். வெளியே ஆடி மாசத்துக் கர்க்கடக மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆறுமுகசாமி சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசி, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஜெயலக்ஷ்மி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல் நிறத் தலைக்குள் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நீளத்தில் வர்ணம் தீட்டியதுபோல ஒன்று தெரிந்தது. புதுசாக நடப்பதைப் பிடித்துவைக்கிற இடம் அதுதான் என்றாள். முன்னெல்லாம் படத்தைக் கண்ணால் பார்த்து, சுருங்கியிருக்கிறதா இல்லையா என்று டாக்டர்கள் ஒரு உத்தேசத்துக்குச் சொல்வார்களாம். ஒருத்தர் சுருங்கிவிட்டது என்பார், இன்னொருத்தர் இல்லை என்பார். இப்போது கம்ப்யூட்டரே அதன் ஓரத்தை வெட்டியெடுத்து அளந்துவிடுகிறது. இங்கே ஆராய்ச்சிக்காகத்தான் வைத்திருக்கிறார்கள், இன்னும் எல்லா இடத்துக்கும் வரவில்லை என்றாள்.

"அளந்தா மட்டும் போறாது மாமி. வயசாக ஆக எல்லாருக்கும் இது கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். அதனால இவர் வயசுக்காரா, நல்ல ஆரோக்கியமா இருக்கறவாளோட அளவை வச்சுண்டு, அவாளுக்கு நடுவுல இவர் எங்க நிக்கறார்னு அது பாத்துச் சொல்றது. அறுபத்திநாலு வயசுக்கு இது ரொம்பக் குறைச்சல். கடைசி வரிசைல நிக்கறார். எழுபது தாண்டினவரா இருந்தா இதே அளவைப் பாத்து, வயசுக்கு ஏத்ததுதான், ஆத்துக்குப் போங்கோன்னு சொல்லியிருப்பேன்."

லிங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டான். ஆவுடைத்தாய்க்குக் காதுக்குள் மழைச்சத்தம் நின்றுபோனது. எழுபது தாண்டினவரா இருந்தா. தாது வருஷத்துக்காரருக்கு எழுபத்திரண்டு. அப்படியானால் தலைக்குள்ளே எல்லாம் வயசுக்கு ஏற்றபடிதான் இருக்கிறது. அப்படியானால் இந்த மனிதர் எல்லாம் தெரிந்துகொண்டுதான் இரண்டு வருஷமாக அவள் முகத்தைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார். டாக்டரிடம் கேட்டால் அளவை வைத்து மட்டும் அப்படித் தீர்மானிக்க முடியாது என்றுதான் சொல்லியிருப்பாள். ஆவுடைத்தாய் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

டாக்டரே அடுத்ததாக அவர் வயசைப் பற்றிக் கேட்டாள். ஞாபகப் பரீட்சை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இந்த அளவுதான் அதை அந்தப் பக்கம் தள்ளுகிறது, அதனால் வயசு சரியாக இருக்கவேண்டும் என்றாள். "கார்டுல இருக்கற வயசைத்தான் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கு. அந்தக் காலத்து மனுஷாளுக்கு வயசெல்லாம் ஒரு உத்தேசம்தானே. அறுபத்திநாலு சரிதானா மாமி?"

உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் அவர் எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போவார். கல்லாவில் உட்காருவார். வியாழக்கிழமை பஸ் ஏறுவார். கேட்டால் ஞாபகம் இல்லை என்பார். ஆவுடைத்தாய் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கென்ன தெரியும் டாக்டரம்மா. அவுக வயசு அவுகளுக்குத் தெரியாதா? அவுகளையே கேளுங்க" என்றாள். பிறகு அவரிடம், நிதானமாக, "சொல்லுங்க. எந்த வருசம் பொறந்தீக? லிங்கராஜும் கேக்கட்டும்" என்றாள்.

ஆறுமுகசாமிக்குப் புரிந்துவிட்டது. அது அவர் கண்ணில் தெரிந்தது. புளிச் சுளையை நாக்கில் வைத்ததும் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை. எழுபத்திரண்டு என்றால், நாலு வருஷம் முந்தி மகன் பெருமையாக நடத்திவைத்த கல்யாணம் எதற்கு என்று அவன் கேட்பான். உண்மையான அறுபதுக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்பான். அவர் மகனைப் பார்த்தார். அவன் கண் கலங்கி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த உலகத்தில் அவருக்காகக் கண் கலங்குகிற ஒரே ஆள்.

"அறுபத்திநாலு" என்றார் ஆறுமுகசாமி. "அதெல்லாம் மறக்கல்ல."

"பாருங்கோ, அது கரெக்டா சொல்றார்" என்று ஜெயலக்ஷ்மி சந்தோஷப்பட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு லிங்கராஜிடம் பக்குவமாகச் சொன்னாள். மறதி நோயின் ஆரம்பம். மாத்திரை தரலாம், குணமாக்க மாத்திரை இல்லை. கடைப் பொறுப்பு இனி வேண்டாம். தனியாக வெளியூர் அனுப்பக்கூடாது. போகப்போகத் தேதி மாறும், வயசு மாறும், தெரியாத பேரெல்லாம் வரும். எதிர்த்து வாதாடாமல் ஆமாம் என்று விட்டுவிட வேண்டும்.

ஆவுடைத்தாய் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றி இரண்டு உருண்டை தின்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவளுக்குப் பசித்தது.

கடைச்சாவி லிங்கராஜ் இடுப்புக்குப் போனது. ஆறுமுகசாமி மாடியில், ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். கீழே லாரி வரும், வேலப்பன் முதுகில் சிப்பம் ஏற்றுவான், புளி வியர்த்து ஒழுகும். அங்கிருந்தே கத்தினார், பாயை மாற்று, அடிவரிசையைப் புரட்டிப் போடு என்று. சரியான யோசனைதான். வேலப்பன் மேலே பார்த்து, "செய்யாம் மொதலாளி" என்று சம்மதித்துவிட்டு லிங்கராஜ் சொன்னதைச் செய்தான். தரகர்கள் வந்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோலச் சத்தமாக நலம் விசாரித்துவிட்டு இறங்கிப்போனார்கள். முதல் வியாழன் சட்டை போட்டுக்கொண்டு படியிறங்கியவரைத் தெருமுனையில் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அன்று முதல் படிக்கதவுக்குப் பூட்டு. சாவி ஆவுடைத்தாயின் முந்தானையில். நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு மாத்திரை, வெந்நீர்க் குளியல். இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைப் புகழ்ந்தார்கள்.

ஓணம் கழிந்து ஒரு வியாழன் மத்தியானம். மழை விட்டு வெயில் அடித்தது. ஆவுடைத்தாய் அடுக்களையில் சொதிக்குத் தேங்காய் பிழிந்துகொண்டிருந்தபோது ஆறுமுகசாமி சட்டை போட்டுக்கொண்டு வந்து நிலையைப் பிடித்தபடி நின்றார். 

"ஆவுடை, நான் செஞ்சது தப்புத்தான்" என்றார். "தாது வருசமும் எனக்கு ஞாபகம் இருக்கு, செங்கோட்டையும் ஞாபகம் இருக்கு. நீ கேட்ட அன்னைக்கே எல்லாம் தெரியும். பயந்துட்டு மறந்த மாதிரி இருந்தேன். மதி, போதும். பூட்டத் தொறந்து விடு."

இரண்டு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை. அது வந்தபோது மனசு குளிரும், அழுகை வரும் என்றெல்லாம் நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. தேங்காய்ப்பாலை வடித்துவிட்டுச் சக்கையை இன்னொரு தரம் பிழிந்தாள்.

"மணையில எம் பக்கத்துல இருந்தீகளே, அப்ப உள்ளுக்குள்ள சிரிச்சீகளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அப்பம் இதையெல்லாம் உங்க மவங்கிட்டயே சொல்லுங்க" என்றாள் ஆவுடைத்தாய். "எங்கிட்டச் சொல்லி என்ன. அவந்தானே பூட்டச் சொன்னான்."

கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் லிங்கராஜைக் கூப்பிட்டாள். அவன் புளிக்கையோடு படியேறி வந்தான். ஆறுமுகசாமி அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. தனக்கு எழுபத்திரண்டு வயசு, தாது வருஷம் பிறந்தவன், கல்யாணத்துக்காக வயசைக் குறைத்தார்கள், அந்த மிஷின் அளந்தது தப்பில்லை, வயசுதான் தப்பு, மறுபடி வயசை மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல் என்றார். மூச்சு வாங்கியது. "செங்கோட்டையில பொன்செல்வியக் கேட்டுப் பாரு. தொண்ணூத்தாறுல திருக்கடையூர்ல அவளோட அறுபதாங் கல்யாணம் நடந்தது. உங்க அம்மைக்கும் தெரியும், கேளு."

லிங்கராஜ் தாயைத் திரும்பிப் பார்த்தான். "யாரும்மா பொன்செல்வி?"

"யாருக்குத் தெரியும்" என்றாள் ஆவுடைத்தாய். "டாக்டரம்மா சொன்னாங்கள்லா, வயசு மாறும், இல்லாத பேரெல்லாம் வரும்னு. நீ எதுத்துப் பேசாத."

ஆறுமுகசாமி அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. லிங்கராஜ் புளி ஒட்டாமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, அப்பாவை அணைத்தாற்போல நாற்காலிக்கு நடத்திக்கொண்டு போனான்.

"ஆமாப்பா, எழுபத்திரண்டுதான்" என்றான். "நான் போய்ச் சொல்லுதேன், கேட்டியளா. இப்பம் சட்டையக் கழத்துங்க."